அண்ணனுக்கு ஒரு ஃபிளானல் சட்டை

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று நாலைந்து பேர் போன் செய்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. ஒரு சட்டை வாங்கினேன். அதனால்தான் எழுத முடியவில்லை.

சிரிக்காதீர்கள். முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்... முடிந்தால்.

சட்டை எனக்கில்லை, என் அண்ணன் சங்கரபாண்டியனுக்கு. வயது அறுபத்தைந்து. போலீஸில் இருந்து சப்-இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனவர். குத்துக்கல்வலசையில் வீடு கட்டி, வாசலில் இரண்டு தென்னை வைத்து, இனி நிம்மதியாகப் பேப்பர் படிக்கலாம் என்று உட்கார்ந்த நேரத்தில் இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்றார்கள். ஒன்றரை வருஷமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி. தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரி. மதினியும் நானும் கூடப் போவோம். உள்ளே ஒருவரைத்தான் விடுவார்கள் என்பதால் நான் உள்ளே, மதினி வராந்தாவில்.

டயாலிசிஸ் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ரத்தத்தை டியூப் வழியாக வெளியே எடுத்து, மெஷினில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்புவார்கள். நான்கு மணி நேரம் ஆகும். ரத்தம் வெளியே சுற்றிவிட்டு வருவதால் உடம்பு குளிரும். போதாததற்கு அந்த அறையில் ஏ.சி. வேறு. அண்ணனுக்கு இரண்டாவது மணி நேரத்தில் பல் தந்தியடிக்க ஆரம்பிக்கும். மூன்றாவது மணி நேரம் முடிந்ததும், "கழட்டும்மா... போதும்" என்பார்.

அங்கே இருக்கும் செல்வி சிஸ்டர் எவ்வளவோ கெஞ்சிப் பார்ப்பார். "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு அண்ணாச்சி..." கேட்க மாட்டார். முப்பத்து நான்கு வருஷம் மற்றவர்களுக்கு உத்தரவு போட்ட மனிதர். கழற்றித்தான் ஆக வேண்டும்.

போன மாசம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் குறையுது. உடம்புல தண்ணி தங்குது. நுரையீரல்ல ஏறிட்டா ஒருநாள் ராத்திரி மூச்சுத் திணறும். அப்ப எங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாமப் போகலாம்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் எப்படி வரும்?

ஆக, பிரச்சினை குளிர்தான். குளிர் போனால் நான்கு மணி நேரம் இருப்பார். இருந்தால் பிழைப்பார். இதற்கு ஒரு போர்வை போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அதற்கு அண்ணன் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

"ஏலே, எத்தன பேரப் போர்வ போத்தி போஸ்ட்மார்ட்டத்துக்கு ஏத்தி விட்டுருக்கேன் தெரியுமா? ஆஸ்பத்திரிக் கட்டில்ல போத்திக்கிட்டுப் படுத்தா எனக்கு அந்த நெனப்புதான் வருது. எனக்குப் போர்வ வேண்டாம்."

பிறகு நான் போர்வைப் பேச்சை எடுக்கவில்லை.

ஸ்வெட்டர்? அதில்தான் சிக்கல். அண்ணனின் இடது கையில், மணிக்கட்டுக்கு மேலே, இரண்டு ரத்தக்குழாய்களை ஆபரேஷன் செய்து இணைத்திருக்கிறார்கள். ஃபிஸ்டுலா என்று பேர். ஊசி குத்துவது அங்கேதான். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓர் அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். 'கை ஓடுது' என்பார்கள் அங்கே. ஓடினால் எல்லாம் சரி. நின்றுவிட்டால் குழாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். வலது கையில் நரம்பு மெலிசு, அங்கே போட முடியாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். அண்ணனுக்கு இருப்பது அந்த ஒரே கைதான்.

அதனால் அந்தக் கையில் வாட்ச் கட்டக் கூடாது. பி.பி. பார்க்கக் கூடாது. பை தூக்கக் கூடாது. தலைக்கு அணையாக வைத்துப் படுக்கக் கூடாது. முக்கியமாக, இறுக்கமாக எதையும் போடக் கூடாது. ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றினால் ரப்பர் மாதிரி பிடித்துக்கொள்ளும். சால்வை போட்டால் நழுவும். வழியைச் சொன்னது செல்வி சிஸ்டர்தான்.

"ஃபிளானல் சட்ட ஒண்ணு வாங்கிக் குடுங்க அண்ணாச்சி. முழுக்கை. அந்தக் கைய மட்டும் மேல வரைக்கும் லூசா சுருட்டிக்கிடலாம். மெத்துனு இருக்கும், குளிராது. சட்டதான... அவுகளும் மறுக்க மாட்டாக."

சட்டைதானே. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

தென்காசியில் முதலில் ஏறிய கடையில் "ஃபிளானல் இருக்கா?" என்று கேட்டேன். கடைப் பெண் முகம் மலர்ந்து, "பொறந்தது ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?" என்றார். நம் ஊரில் ஃபிளானல் என்றால் பச்சைப் பிள்ளையைச் சுற்றுகிற துணி. 'அறுபத்தைந்து வயசுப் பிள்ளைம்மா' என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. இன்னொரு கடையில் பெரிய பெரிய கட்டம் போட்ட ஒரு சட்டையை எடுத்து உதறினார்கள். பார்க்க ஃபிளானல்தான். தொட்டால் வழுவழு. போட்டுப் பார்த்த ஐந்து நிமிஷத்தில் எனக்குக் கழுத்தெல்லாம் அரித்தது.

கடைசியில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாகுல் பாய் கடைக்குப் போனேன். பாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் ரியாத்தில் ஒரு துணிக்கடையில் நின்றவர். அங்கே குளிர்காலத்தில் ஃபிளானல் சட்டை நிறைய விற்பார்களாம். இங்கே குற்றால சீசனுக்கு வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் எடுத்து வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். உட்கார வைத்து டீ வரவழைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"துணிய ரெண்டு பக்கமும் தடவிப் பாருங்க. ரெண்டு பக்கமும் பூ மாதிரி எந்திரிச்சி நிக்கணும். ஒரு பக்கம் மட்டும் நின்னா காசுக்குப் பிடிச்ச கேடு. பருத்தியான்னு பாத்துக்கிடுங்க, மினுமினுன்னு இருந்தா வேண்டாம். இப்பச் சொல்லுங்க, அண்ணன் என்ன சைஸு?"

அங்கேதான் மாட்டினேன்.

அண்ணன் சர்வீஸில் இருந்தபோது நாற்பத்து நான்கு. இப்போது இளைத்து நாற்பது. ஆனால் அந்த நாற்பதும் நிலையில்லை. டயாலிசிஸுக்குப் போகிற அன்று காலையில் உடம்பில் நீர் ஏறி வயிறும் கையும் உப்பியிருக்கும். முடிந்து வரும்போது இரண்டு மூன்று கிலோ இறங்கி, அதே சட்டை தொளதொளவென்று தொங்கும். எந்த நேரத்து அளவைச் சொல்வது? காலை அளவா, மாலை அளவா?

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ஊதியிருக்கும்போது என்ன அளவோ அதுதான் கணக்கு. தொங்குனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். அந்த மனிதரைப் போய் டாக்டருக்கு அசிஸ்டென்டாக வைத்துக்கொள்ளலாம்.

முன்னேற்பாடாக நான் ஒரு நூல் கொண்டு போயிருந்தேன். வெள்ளிக்கிழமை அண்ணன் மெஷினில் கண் அசந்தபோது, முழங்கைக்கு மேலே பட்டும் படாமல் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு வந்த அளவு. செல்வி சிஸ்டர் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். பாய் சிரிக்கவில்லை. ஒரு சட்டையின் இடது கையை நாலு மடிப்பாகச் சுருட்டி, அந்த வளையத்துக்குள் நூலை வைத்து, நடுவில் தன் நாலு விரலையும் நுழைத்துப் பார்த்தார். இரண்டு சட்டைகளில் விரல் போகவில்லை. மூன்றாவதில் தாராளமாகப் போனது.

தோள் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும். அதற்கு மேலே ஏறினால் அக்குளில் பிடிக்கும். படுக்கும்போது பட்டன்களுக்கு நடுவே வாய் பிளக்கக் கூடாது. கட்டிலில் புரண்டாலும் முதுகு தெரியாத நீளம் வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கடையில் இருந்த மரப் பெஞ்சில் என்னைப் படுக்கவே வைத்துவிட்டார் பாய். ஒரு பெண்மணி உள்ளே வந்து, நான் கிடக்கிற கோலத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

கருநீலத்தில் சின்னச் சாம்பல் கட்டம். கவரில் போடும்போது பாய் ஒன்று சொன்னார். "ஒண்ண மட்டும் மறந்துராதிய. தொவச்சா பச்சத் தண்ணிதான். வெந்நி ஆகவே ஆகாது. சுருங்கிரும்."

சரி என்று தலையாட்டினேன். புதுச் சட்டையை இப்போது யார் துவைக்கப் போகிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் காலரில் இருந்த லேபிளைப் பார்த்தேன். அண்ணன் கழுத்தில் உறுத்துமே... பிளேடால் நூல் நூலாகப் பிரித்து எடுத்துவிட்டேன். எப்படித் துவைக்க வேண்டும் என்று சின்னச் சின்னப் படம் போட்டிருந்தது அதில்தான்.

அன்று முழுக்க எனக்கு ஒரே யோசனை. கடைக்குள் நின்று போட்டுப் பார்த்தால் எந்தச் சட்டையும் கதகதப்பாகத்தான் இருக்கும். உண்மையான குளிரில்? நாலு மணி நேரத்தில்? ஒரு கை திறந்து கிடக்கும்போது? போட்டுப் பார்த்துவிட்டு, 'இதுவும் குளிருதுலே' என்று அண்ணன் தூக்கி வீசிவிட்டால்? அவரிடம் இன்னொரு முறை எந்தத் துணியையும் நீட்ட முடியாது. எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்குப் போனேன்.

ஆமாம், போட்டுக்கொண்டுதான். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அருவியில் குளிக்க வரவில்லை நான். வலது கையில் பட்டன் போட்டு, இடது கையை மேலே வரை சுருட்டிவிட்டு, காற்று அடிக்கிற பக்கமாகப் பார்த்து ஒரு கட்டைச்சுவரில் குடையோடு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட நின்ற ஒரு வெளியூர்க்காரர், "ஒரு கையில மட்டும் வெயில் அடிக்குதா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவரவர் கவலை அவரவருக்கு. இடது முழங்கை சில்லிட்டது. ஆனால் நெஞ்சும் முதுகும் கதகதவென்று இருந்தன. திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பிழைத்துக்கொள்வார் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து, ஈரம் போகக் காயவைத்து, லேசாக அயர்ன் செய்து, கடையில் இருந்த மாதிரியே மடித்து, குண்டூசி, அட்டை, காலருக்குள் பிளாஸ்டிக் எல்லாவற்றையும் பழையபடி சொருகினேன். ஏன் இந்தத் திருட்டு வேலை? மூத்தவருக்குப் போட்ட சட்டையையா கொடுப்பது? மதினி என்ன நினைப்பார்? அந்தக் கூச்சம்தான்.

அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் துணியைத் தடவிப் பார்த்தார். "மெத்துனு இருக்குலே" என்றார். இந்த ஒன்றரை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை.

திங்கட்கிழமை காலையில் போனால் அண்ணன் பழைய வெள்ளைச் சட்டையில் நிற்கிறார்.

"புதுச்சட்டய மொதமொதல்ல ஆஸ்பத்திரிக்கா தம்பி போட்டுட்டுப் போவாக?" என்றார் மதினி. "புதன்கெழம போட்டுக்கிடட்டும்."

நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த பழக்கம்தான். கோடித் துணியோடு ஆஸ்பத்திரிக்கும் போக மாட்டோம், துக்க வீட்டுக்கும் போக மாட்டோம். அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'மதினி, அது ஏற்கெனவே ஐந்தருவி பார்த்த சட்டை' என்று. கூச்சம் விடவில்லை. நாள் பார்த்துத் தள்ளிப் போடுகிறார், அவ்வளவுதானே என்று சும்மா இருந்துவிட்டேன். அன்றைக்கும் மூன்று மணி நேரத்தில், "கழட்டும்மா."

புதன்கிழமை. ஆட்டோவோடு போய் நின்றேன். அண்ணன் கருநீலச் சட்டையில் வெளியே வந்தார். சவரம் செய்து, பவுடர் போட்டு, இடது கையை வீட்டிலேயே நாலு மடிப்பாகச் சுருட்டி விட்டிருந்தார். பழைய எஸ்.ஐ. மாதிரியே இருந்தார். வலது கையில் கஃப் மணிக்கட்டுக்கு மேலே ஏறி நின்றது. வாட்ச் தெரியட்டும் என்று இழுத்து விட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கவலைப்படுகிற ஜாதிக்கு ஒரு ராசி உண்டு. எதையெல்லாம் நினைத்துக் கவலைப்பட்டோமோ அது ஒன்றும் நடக்காது. கழுத்தில் உறுத்துமா, முதுகு தெரியுமா, பட்டன் பிளக்குமா என்று அணு அணுவாகப் பார்த்த நான், கண்ணுக்கு முன்னால் இரண்டு அங்குலம் குறைந்து நிற்கிற கையைப் பார்த்து ரசித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன்.

அன்றைக்கு முந்தைய ஷிப்டில் ஒருவருக்குத் தாமதமாகிவிட்டது. மெஷினைக் கழுவித் தயார் செய்ய இன்னும் நேரமாகும் என்றார்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் இடது கை விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கைக்கு வலுவேற்ற ரப்பர் பந்தை அமுக்கச் சொல்வார்கள். அந்தப் பயிற்சி என்று நினைத்தேன்.

உள்ளே கட்டிலில் படுக்க வைத்து, ஊசி குத்துவதற்கு முன்னால் வழக்கம்போல் செல்வி சிஸ்டர் மணிக்கட்டுக்கு மேலே விரல் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். கொஞ்சம் மேலே வைத்துப் பார்த்தார்.

"அண்ணாச்சி... காலையில கை பாத்தியளா?"

"பாத்தேன். நல்லா ஓடுச்சி" என்றார் அண்ணன்.

"இப்ப ஓடலையே..."

அறையில் இருந்த எல்லா மெஷின்களும் ஒன்றாக நின்றுபோன மாதிரி இருந்தது. சிஸ்டரின் கை மேலே போய், சுருட்டி வைத்திருந்த மடிப்பில் நின்றது. விரலை நுழைத்துப் பார்த்தார். ஒரு விரல்கூடப் போகவில்லை. நாலு விரல் போன இடம்!

"இவ்வளவு இறுக்கமாவா சுருட்டுவாக..." என்று மடிப்பைப் பிரிக்கப் பார்த்தார். அது சதைக்குள் பதிந்து கிடந்தது. கீழே இழுத்தால் அண்ணன் முகத்தைச் சுளித்தார். வீங்கிய கை. சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"வெட்டிருங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணன்தான் சத்தமாகச் சொன்னார். "கத்திரிய எடும்மா. யோசிக்காத."

பேண்டேஜ் வெட்டுகிற கத்தரிக்கோல். நாலு மடிப்பு ஃபிளானல். அது கடித்துக் கடித்துத்தான் போனது. ஒவ்வொரு மடிப்பும் விட்டுக் கொடுக்கும்போது எனக்கு உயிர் போய் வந்தது. கடைசி மடிப்பும் அறுந்தபோது கையைச் சுற்றிச் சிவப்பாக ஒரு பட்டை தெரிந்தது. சிஸ்டர் நிறுத்தவில்லை, தோள் வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டார்.

டாக்டருக்குப் போன் போனது. அவர் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் சிஸ்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். "இருக்கா?" என்றேன். "பேசாதிய அண்ணாச்சி" என்றார். நான் சுவரைப் பார்த்தேன். அந்தக் கை போனால் கழுத்தில் டியூப் போடுவார்கள். பிறகு மதுரையோ திருநெல்வேலியோ, மறுபடி ஆபரேஷன், அதுவும் எடுபடுமோ எடுபடாதோ. அண்ணன் அதற்கு ஒப்புக்கொள்ளவே மாட்டார். 'போதும்லே' என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவார். எல்லாம் நான் வாங்கிக் கொடுத்த ஒரு சட்டையால். எத்தனை நிமிஷம் ஆனது என்று தெரியாது. டாக்டர் வந்தார். அவரும் கேட்டார். மணிக்கட்டில் வைத்தார், முழங்கையில் வைத்தார், மறுபடி மணிக்கட்டுக்கு வந்தார்.

"வருது" என்றார்.

செல்வி சிஸ்டர் என் கையைப் பிடித்து இழுத்து அந்த இடத்தில் வைத்தார். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு... மெல்ல... கிர்ர்... கிர்ர்ர். நான் அங்கேயே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அதை மறைக்க என்ன இருக்கிறது?

"இறுக்கினா ஒடனே சொல்ல வேண்டாமா சார்?" என்று டாக்டர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். "கை மரத்திருக்குமே?"

"ஆட்டோவுலயே மரத்துட்டு" என்றார் அண்ணன்.

"அப்புறம் ஏன் அண்ணே சொல்லல?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீ அலஞ்சு வாங்கிட்டு வந்தது. அவ தொவச்சுத் தேச்சுக் குடுத்தது. ரெண்டு பேரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிய. இறுக்குதுன்னு எப்படிலே சொல்லுவேன்?"

துவைத்தாரா?

மெஷின் ஓட ஆரம்பித்ததும் வராந்தாவுக்குப் போனேன். மதினியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"புதுசாப் போட்டுட்டு வரக்கூடாதுன்னு ஒரு தண்ணி போட்டேன் தம்பி. கடைத் துணிய எத்தன பேரு தொட்டுருப்பானோ, கிருமி ஒட்டிரக்கூடாதுன்னுதான் நல்லா கொதிக்கக் கொதிக்க வெந்நியில முக்கினேன். சாரல்ல காயவே இல்ல. ஈரத்தோட தேச்சுத் தேச்சுக் காய வச்சேன். என் கையாலயே இப்படிப் பண்ணிட்டேனே..."

அவர் மூக்கை உறிஞ்சினார். இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனிதனா?

"மதினி, அது புதுச்சட்ட இல்ல. ஞாயித்துக்கெழம நான் ஐந்தருவிக்குப் போட்டுட்டுப் போனேன். குளிர் தாங்குதான்னு பாக்க. வெந்நி ஆகாதுன்னு பாய் படிச்சுப் படிச்சுச் சொன்னாக. அதையும் நான் சொல்லல."

மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அத அன்னைக்கே சொல்லக்கூடாதா தம்பி? பழசுன்னா நான் ஏன் தண்ணியில போடப்போறேன்?"

ஒருவர் குளிருக்குப் பயந்தார். ஒருவர் கிருமிக்குப் பயந்தார். மூன்றாமவர், பயந்த இருவர் மனமும் நோகக் கூடாதே என்று பயந்தார். மூன்று பேருடைய அக்கறையும் சேர்ந்து ஒரு கையை இறுக்கிப் பிடித்தது. வெறுப்பில் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்க முடியாது.

உள்ளே திரும்பி வந்தேன். வலது கை முழுக்கை, இடது பக்கம் கையே இல்லை. அந்தச் சட்டையோடு அண்ணன் படுத்திருந்தார். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். மூன்று மணி ஆகிற நேரத்தில் நான் தயாராக நின்றேன். இதோ இப்போது சொல்வார், 'கழட்டும்மா' என்று... சொல்லவில்லை. குனிந்து பார்த்தேன். பல் தந்தியடிக்கவில்லை. லேசாகக் குறட்டை வந்தது. நான்கு மணி நேரம் முடிந்து, செல்வி சிஸ்டர் தானாக வந்து எழுப்பியபோது, "அதுக்குள்ளயா?" என்றார் அண்ணன்.

ஒன்றரை வருஷத்தில் முதல் முழு டயாலிசிஸ்.

சனிக்கிழமை சாகுல் பாய் கடைக்குப் போய் அதே மாதிரி இன்னும் இரண்டு எடுத்தேன். இடது கையைக் கடையிலேயே தோளோடு எடுத்து ஓரம் அடித்துத் தரச் சொன்னேன். நல்ல சட்டையை வெட்டச் சொல்கிறீர்களே என்று பாய் திகைத்தார். காரணத்தைச் சொன்னதும் டீ சொன்னார். நான் குடிக்காமலே வந்துவிட்டேன்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஆசையாக வாங்கிக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு விரலை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருப்பார். அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். அது சிரித்துக்கொண்டுதான் இருக்கும். கையைத் தொட்டுப் பாருங்கள்.

இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. தினமும் காலை ஏழு மணிக்கு அண்ணன் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்ய வேண்டும். "ஓடுதுலே." அந்த ஒரு வார்த்தைதான். வைத்துவிடுவார்.

நேற்று ஏழரை ஆகியும் போன் வரவில்லை. ஏழே முக்கால். தாங்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

"நீ என்ன எஸ்.பி.யாலே, நெதம் ரிப்போர்ட் கேக்க? மனுசன் பேப்பர் படிக்க வேண்டாமா?" என்று ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள்...

அப்பாடா. கை நன்றாகத்தான் ஓடுகிறது.